எல்லாம் நல்லாயிருக்கு, சார்

ராகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கொழுந்து பறிக்கும் பேச்சியம்மாவுக்கு ஒரே மகள் தனுஷிகா. அவர்கள் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளிலிருந்து முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போனவள். போன இடத்தில் என்ன நடந்தது தெரியுமா? படிக்க வந்தவளைப் பிடித்து, பாடம் நடத்துவதில் என்ன குறை என்று சொல்லச் சொன்னார்கள்.

அந்த வளாகத்தில் அது புது ஏற்பாடு. ஒவ்வொரு விரிவுரையாளருக்கும் ஒரு மாணவர் துணை. வகுப்பைக் கவனித்துவிட்டு, வெள்ளிக்கிழமை அவர் அறைக்குப் போய், எது விளங்கியது, எதை மாற்றலாம் என்று பேசி, ஒரு தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். இருவரும் சமம், பயமில்லாமல் பேசலாம் என்று மேடையில் சொன்னார்கள். சொல்லிவிட்டால் ஆயிற்றா? புள்ளிவிபரவியல் பாடம் நடத்திய விஜிதரனுக்குத் துணையாகத் தனுஷிகாவைப் போட்டார்கள்.

விஜிதரன் நல்ல மனிதர்தான், ஹட்டன் கடைவீதிக்காரர். ஆனால் ஒரு பழக்கம். பலகையில் வலது கை எழுதும். இடது கை போன வரியை அழித்துக்கொண்டே வரும். பாடமோ ஆங்கிலத்தில். கொழும்புப் பிள்ளைகள் காதால் கேட்டே பிடித்துக்கொள்வார்கள். தோட்டப் பள்ளிக்கூடங்களில் தமிழில் படித்து வந்த பதினொரு பேருக்கும் பார்த்து எழுதினால்தான் உண்டு. அவர்கள் ஒரு வரி எழுதி நிமிர்வதற்குள் அடுத்த வரி போயிருக்கும்.

தனுஷிகாவோடு ஒரே அறையில் தங்கியிருந்தவள் றொசல்லைக்காரி ஜெயந்தினி, அந்தப் பதினொரு பேரில் ஒருத்தி. முதல் வாரமே சொல்லிவிட்டாள்.

"ஏண்டி, அந்த அழிக்கிற கையக் கட்டிப்போடச் சொல்லுடி. நீதானே அவருக்குப் பெரிய தொணை!"

வெள்ளிக்கிழமை விஜிதரன் கதிரையை இழுத்துப் போட்டு, தேத்தண்ணியும் ஊற்றிக் கொடுத்தார்.

"சொல்லுங்க தனுஷிகா, என்ன சரியில்ல?"

"ஒண்ணும் இல்ல சார். எல்லாம் நல்லாயிருக்கு, சார்."

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். அப்படிச் சொன்னவன் பெரட்டுக் களத்தில் நின்றவன் இல்லை. காலையில் பேர் கூப்பிட்டு, யாருக்கு எந்த மலை என்று பிரிக்கும் அந்த இடத்தில் பேச்சியம்மா ஒரே ஒரு தரம் வாய் திறந்தாள். மழைக்குக் கட்டும் பொலித்தீன் சீட்டு கிழிந்துபோச்சு, புதுசு எப்ப வரும் என்று கேட்டாள். வேலை பிரிக்கும் கண்டாக்கு சிரித்துக்கொண்டே தலையாட்டினார். மறுநாளிலிருந்து மூன்று மாதம் அவளுக்குக் கடைசி மலை. செங்குத்து ஏற்றம், அட்டைக் கடி. இன்றைக்கும் அவளுக்கு ஒரு முழங்கால் மடங்காது.

"பெரியவங்க கேட்டா நல்லாயிருக்குன்னு சொல்லிட்டு வந்துரணும். யாரு வாயத் தொறக்குறான்னு பாக்கத்தான் கேக்கறாங்க." மகளை அனுப்பும்போது பேச்சியம்மா சொன்ன புத்தி இது.

அறைக்கு வந்ததும் ஜெயந்தினி கேட்டாள்.

"சொன்னியாடி?"

"சொன்னேன்."

போகட்டும், வாத்தியாரிடம் பயந்தாள் என்று விடலாம். இந்தப் பொய் எதற்கு? தோழியிடம் கோழை என்று பேர் வாங்க வெட்கம், வேறென்ன! அடுத்த வாரமும் அதே கேள்வி, அதே பதில். பத்து வெள்ளிக்கிழமையில் பத்துத் தாள் கொடுத்தாள். பத்திலும் எல்லாம் நன்றாக இருக்கிறது என்ற ஒரே வரி.

ஜெயந்தினி முதலில் திட்டினாள். பிறகு யோசிக்க ஆரம்பித்தாள்.

"சொல்லியும் மாத்தலன்னா, மத்தவங்களுக்கு வெளங்குதுன்னுதானே அர்த்தம்? எனக்குத்தான் மண்டையில ஏறல."

தனுஷிகா போர்வையை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

பரீட்சையில் பதினொரு பேரில் ஏழு பேர் பெயில். வெள்ளிக்கிழமைகளில் தேத்தண்ணியோடு விஜிதரன் பேச்சுவாக்கில் விளக்கியதிலேயே தனுஷிகா தேறிவிட்டாள். ஜெயந்தினி தேறவில்லை. திரும்ப எழுதலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். மண்டையில் ஏறாததை எத்தனை தரம் எழுதுவது என்று கேட்டுவிட்டு, கொழும்பில் ஒரு உடுப்புக்கடை வேலைக்குப் புறப்பட்டாள். நானுஓயா ஸ்டேசனில் பையைத் தூக்கிக் கொடுத்தபோது அவள் தனுஷிகாவின் கன்னத்தைத் தட்டினாள்.

"நீ என்னடி பண்ணுவ? நீ சொல்லத்தான் செஞ்ச."

ரயில் போன பிறகு அழுகை வரும் என்று தனுஷிகா காத்திருந்தாள். வரவில்லை. பனிக்காலத்தில் ஈரக் கொழுந்து பறித்து அம்மாவின் விரல்கள் மரத்துப்போகும். ஊசி குத்தினாலும் தெரியாது. அப்படித்தான் இருந்தது. சாப்பிட்டாள், தூங்கினாள், வகுப்புக்குப் போனாள். பக்கத்துக் கட்டிலில் யாரோ புதிதாக வந்தாள், அவள் பெயரைக்கூடக் கேட்கவில்லை.

அடுத்த படிப்புத் தவணையிலும் அவளையே அவருக்குத் துணையாகப் போட்டார்கள். வெள்ளிக்கிழமை, தேத்தண்ணி, அதே கேள்வி. பயப்படுவதற்கும் உள்ளே ஏதாவது உயிரோடு இருக்க வேண்டுமே. வாய் தானாகத் திறந்தது.

"சார், நீங்க எழுதிக்கிட்டே அழிக்கிறீங்க. எங்களால பாத்து எழுத முடியல."

விஜிதரன் தன் இடது கையை ஒரு தரம் பார்த்தார்.

"அட, நானா? இவ்வளவுதானா? இத மொதல்லயே சொல்லியிருக்கலாமே!"

கோபமில்லை, ஒன்றுமில்லை. திங்கட்கிழமை வந்தவர் டஸ்டரை மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டிவிட்டு எழுத ஆரம்பித்தார். மணி அடிக்கும்வரை பலகை நிறைந்து நின்றது. கடைசி மலைக்கு யாரும் அவளை அனுப்பவில்லை. தனுஷிகா ஒரு எழுத்து விடாமல் எழுதி முடித்தாள். எழுதிய பிறகும் பலகையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மதியம் கடையில் சாப்பாட்டு நேரத்தில் ஜெயந்தினி போன் பண்ணினாள். அந்தக் கதை இந்தக் கதை எல்லாம் பேசிவிட்டுச் சிரித்தாள்.

"என்னடி, அவரு இன்னும் அழிச்சிக்கிட்டுத்தான் இருக்காரா?"

தனுஷிகாவின் மடியில் நோட்டு திறந்தே இருந்தது, பலகையைப் பார்த்து எழுதிய ஒன்றரைப் பக்கம்.

"ஆமாடி. இன்னும் அப்படித்தான்."

"பாத்தியா? நல்லவேளை, நான் வந்துட்டேன்."