ஃப்ரிட்ஜ் மேல் அடங்கும் படம்

என் அக்கா வரைந்த படங்கள் எல்லாம் ஒரே அளவு. ஏன் என்று ஒரு விமர்சகர் பத்திரிகையில் அரைப் பக்கம் எழுதினார். சுருக்கத்தின் அழகு, அடக்கத்தின் வலிமை, இன்னும் என்னென்னவோ. என்னைக் கேட்டிருந்தால் ஒரு வரியில் சொல்லியிருப்பேன். அவள் வரைவது சாப்பாட்டு மேஜையில். வேளை வந்தால் ஈரப் படத்தைத் தூக்கி ஃப்ரிட்ஜ் மேல் வைத்துவிட்டு மேஜையைத் துடைக்க வேண்டும். ஃப்ரிட்ஜ் மேல் எவ்வளவு அடங்குமோ அவ்வளவுதான் படம்.

வீட்டில் வேறு இடமே இல்லையா என்று கேட்காதீர்கள். ஒரு அறை அக்காவின் கணவர், என் மாமாவின் கம்ப்யூட்டருக்கு, ஒன்று மகள் படிக்க, ஒன்று தூங்க. அக்காவுக்கு மேஜை, அதுவும் மூன்று வேளை போக மிச்ச நேரத்துக்கு. சாவதற்குள் சுவர் அளவுக்கு ஒரு படம் வரைந்துவிட வேண்டும் என்பது அவளுடைய ஒரே ஆசை. அதை என்னிடம் மட்டும்தான் சொல்லியிருக்கிறாள்.

ஓவியர்களை அழைத்துத் தங்கவைத்து, சாப்பாடும் போட்டு வரையச் சொல்லும் இடம் ஒன்று வெளிநாட்டில் இருக்கிறது. அங்கிருந்து மூன்று மாதத்துக்கு அழைப்பு வந்தது. மாமா பெருந்தன்மையாகச் சம்மதித்தார், வீட்டைப் பார்த்துக்கொள்ள நான் வருவதாக இருந்தால். அந்தப் பெருந்தன்மைக்குச் சமைத்துப் போட்டது நான்.

அவளுக்குக் கொடுத்த அறையில் லாரியே நிறுத்தலாமாம். சுவர் முழுக்க கான்வாஸ் அடித்துக் கொடுத்தார்கள். முதல் வாரம் போனில் ஒரே பூரிப்பு. அப்புறம் குரல் இறங்கிவிட்டது. அவ்வளவு பெரிய கான்வாஸில் மேல் மூலையில், சரியாக ஃப்ரிட்ஜ் மேல் அளவுக்கு வரைந்துவிட்டு நின்றுவிட்டாள். மதியமானால் கை தானாகத் தூரிகையைக் கழுவுகிறது, மேஜையைத் துடைக்கிறது. சாப்பிட வருவார் யாருமில்லை. அந்த இடத்து நிர்வாகி அம்மாள் மிச்ச வெள்ளையைப் பார்த்து, இந்த மௌனம் பிரமாதம், இதற்கு மேல் தொட்டுவிடாதீர்கள் என்று கெஞ்சினாராம்.

"எனக்குப் பயமா இருக்குடி. கை அதுக்கு மேல போகமாட்டேங்குது. இதை விட்டா எனக்கு வேற வாய்ப்பே வராது" என்று அழுதாள்.

அழுத மூச்சிலேயே, அங்கே வேளாவேளைக்கு மேஜையைத் துடைத்துத் தட்டு வைக்கிறாயா என்று விசாரித்தாள். எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஓர் ஆத்திரம் வந்ததோ, வாய் முந்திக்கொண்டது.

"அந்த மேஜையில யாரு சாப்பிடறா? நீ போன அன்னிக்கே உன் வீட்டுக்காரர் தட்டைத் தூக்கிட்டு டிவி முன்னாடி போயிட்டார். உன் பொண்ணு கட்டில்ல. மேஜையில துவைச்ச துணிதான் குவிஞ்சு கிடக்கு."

லைன் போய்விட்டதோ என்று ஹலோ ஹலோ என்றேன்.

"அப்ப இத்தனை வருஷமா நான் யாருக்காகடி துடைச்சேன்?"

பிறகு அவளே, குவியலில் மேலாக எந்தத் துணி கிடக்கிறது என்று கேட்டாள். மாமாவின் நீலக் கட்டம் போட்ட சட்டை என்றேன். சரி என்று வைத்துவிட்டாள். அதற்கப்புறம் போனே இல்லை. மாமா ரொம்பக் கவலைப்பட்டார். நகவெட்டி எங்கே இருக்கிறது என்று கேட்க வழியில்லாமல் போயிற்று.

தோளில் பாய் மாதிரி ஒரு சுருளோடு வந்து இறங்கினாள். மாட்டுவதற்கு இந்த வீட்டில் சுவர் கிடையாது. மேஜையில் கிடந்த துணிகளை ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டு அங்கேயே விரித்தாள். நாலு பக்கமும் தரையில் வழிந்தது. படத்தில் இருந்தது இதே மேஜைதான், நிஜ அளவில். மேலே துணிக் குவியல், சுற்றிக் காலி நாற்காலிகள், ஓரமாக ஃப்ரிட்ஜ். முதலில் வரைந்த சின்னப் படம் அதன் மேல் அப்படியே உட்கார்ந்திருந்தது.

மாமா சுற்றிச் சுற்றிப் பார்த்தார். சட்டையில் ஒரு பொத்தானைக் காணோம் என்றார். நிஜத்திலும் காணோம் என்றேன். சாப்பாட்டு வேளை வந்ததும், அக்காதான் வந்துவிட்டாளே என்று பழைய நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இதை எப்ப எடுப்பே? சாப்பிட வேண்டாமா?"

அக்கா கான்வாஸில் ஒரு மடிப்பை நீவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"இத்தனை நாள் எங்க சாப்பிட்டீங்களோ, அங்கயே சாப்பிடுங்க."

மாமா என்னைப் பார்த்தார். நான் அவர் தட்டில் சாப்பாட்டைப் போட்டு ஃப்ரிட்ஜ் மேல் வைத்தேன். தாராளமாக அடங்கியது.