மூன்று பூவும் ஒரு வெள்ளிக்கிழமையும்

டென்மார்க்கில் யன்னலோரத்தில் ஓர்க்கிட் இல்லாத வீட்டைக் காண்பது அரிது. பூ இருக்கும்வரை அது செல்லப்பிள்ளை. கடைசிப் பூ கொட்டியதும் குப்பைக்குப் போகும்.

ஒடென்சேயில் நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்திலும் அப்படி ஒன்று குப்பைப் பைக்குள் தலைகீழாகக் கிடந்தது. நாலு இலை, மொட்டையாக ஒரு குச்சி. எடுத்து பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன்.

வீட்டில் வரவேற்பு பிரமாதம். மகள் எட்டிப் பார்த்து, செத்துவிட்டது என்று டேனிஷில் மரண அறிவித்தல் கொடுத்தாள். என் மனுசன், "அங்கை பாக்கிறது காணாதெண்டு வீட்டிலையும் முதியோர் இல்லம் நடத்தப் போறீரோ?" என்று கேட்டார். அவருக்கு நன்றாகப் பகிடி விடத் தெரியும். தேத்தண்ணி குடித்த கோப்பையைக் கழுவத்தான் தெரியாது.

எனக்கு ரோசம் வந்துவிட்டது. இது ஒருதரமாவது இந்த வீட்டில் பூக்க வேண்டும், அவ்வளவுதான். முதல் மாதம் தினமும் தண்ணீர் ஊற்றிப் பாதி வேரை அழுக வைத்தேன். பிறகுதான் தேடி வாசித்தேன். அழுகியதை வெட்டி, மரப்பட்டைத் துண்டுகளில் நட்டு, கிழமைக்கு ஒருநாள் வாளித் தண்ணீரில் பத்து நிமிஷம் இருத்தி வடியவிட்டேன். வேர் வெள்ளி நிறமானால் தாகம், பச்சையாக இருந்தால் சும்மா விடு. தனக்கு என்ன வேண்டும் என்று எங்கள் வீட்டில் வேறு எவரும் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. இலையுதிர்காலத்தில் குளிர் பட்டால்தான் பூந்தண்டு வருமாம். ஹீட்டரைக் குறைத்தேன். மனுசன் சோபாவில் ஜாக்கெட்டோடு இருந்து செய்தி பார்த்தார். அந்தப் பூவுக்காக அவர் செய்த ஒரே தியாகம் அதுதான், அதுவும் தெரியாமல்.

முதல் வருஷம் ஒரேயொரு இலை வந்தது. இரண்டாவது குளிர்காலத்தில் ஒரு தண்டு, மூன்று மொட்டு. அதற்குப் பக்கத்துக் கதிரையில் இருந்துதான் அவர் தினமும் தேத்தண்ணி குடிப்பார். ஒரு கிழமைக்குள் மூன்றும் விரிந்தன. வெள்ளை, நடுவில் கத்தரிப்பூ நிறம். வேலைக்குப் பிந்துகிறது என்று தெரிந்தும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வெள்ளிக்கிழமை வேலையால் வந்தபோது தண்டு மொட்டையாக நின்றது. மூன்று பூவும் சாமித்தட்டில், பிள்ளையாரின் காலடியில் இருந்தன. மனுசன் திருநீறு பூசிக்கொண்டு பரம திருப்தியோடு நின்றார்.

"பூவை ஏன் பிடுங்கினனீங்கள்?"

"வெள்ளிக்கிழமையெல்லோ. கடைக்குப் போக நேரமில்லை. அது அதிலை சும்மாதானே நிண்டது."

சும்மா நின்றதாம். குசினிக்குள் போய் அழுதேன். பிள்ளையாரில் எனக்குக் கோபமில்லை, அவர் பாவம், கேட்டிருக்கவே மாட்டார்.

அழுததைக் கண்டு மனுசன் பயந்துபோனார். அடுத்தநாள், பளபளக்கும் தாளில் சுற்றிய ஓர்க்கிட் ஒன்றோடு வந்தார். "உம்மடையிலை மூண்டு. இதிலை ஒன்பது" என்று யன்னலில் வைத்தார். முகத்தில் பெருமை வழிந்தது. என் செடியை அரக்கி மூலைக்குத் தள்ளியிருந்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை சாமித்தட்டு வெறுமையாக இருந்தது.

"ஏன், இண்டைக்குப் பூ வைக்கேல்லையோ?"

"வீட்டிலை பூ இல்லை."

"உதிலை ஒன்பது நிக்குதே."

விசரியைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்.

"காசு குடுத்து வாங்கினதை ஆரும் பிடுங்குவினமே?"