கதிர் அக்காவின் ஐந்தாவது கட்டம்

எங்கள் ஆய்வு நிறுவனத்தில் எல்லோரும் பயப்படுவது இரண்டுக்கு. ஒன்று பேராசிரியரின் கோபம். மற்றொன்று கீழ்த்தளத்தில் இருக்கும் எக்ஸ்ரே கதிர்வீச்சுக் கருவி. அந்தக் கருவியின் பக்கத்தில் பதினோரு வருடமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவர்தான் கதிர் அக்கா. அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருக்கிறது.

கருவி பார்ப்பதற்கு இரும்பு பீரோ மாதிரி இருக்கும். கதவில் கனமான ஈயத்தகடு. ஆய்வுக்காக வளர்த்த செல்களைக் கண்ணாடி பிளேட்டுகளில் கொண்டுபோனால், அக்கா உள்ளே வைக்கச் சொல்லி, கதவைச் சாத்தி, நிமிடக் கணக்கைத் தட்டிவிட்டுப் பொத்தானை அழுத்துவார். சிவப்பு விளக்கு எரியும். அணைந்தால் கதிர் முடிந்தது. பக்கத்து மருத்துவமனையிலிருந்து ரத்தப் பைகளும் வரும். சில நோயாளிகளுக்கு ரத்தம் ஏற்றும் முன் அதற்குக் கதிர் காட்டியாக வேண்டும்.

அக்கா தற்காலிகப் பணியாளர். பதினோரு மாதத்துக்கு ஒருமுறை அவரை வேலையிலிருந்து நீக்கி, ஒரு நாள் விட்டு, மறுபடி சேர்ப்பார்கள். தொடர்ந்து வேலை பார்த்தார் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதல்லவா? அந்த ஒரு நாளும் அக்கா வருவார். உள்ளே வரத்தான் அனுமதி இல்லை. வெளியே ஜன்னலோரம் நின்று, "இன்னும் ரெண்டு நிமிஷம் வை தம்பி... அந்த பட்டன் இல்ல, பக்கத்துல" என்று சொல்லிக்கொண்டிருப்பார்.

வீட்டில் கணவர் லிஃப்ட் மெக்கானிக். மாமியாருக்கு மட்டும் ஒரு சந்தேகம் தீரவில்லை. மருமகளின் துணியைத் தனிக் கொடியில்தான் காயப்போட வேண்டும்.

"கரண்ட்டை அணைச்சா ட்யூப்லைட் வெளிச்சம் சட்டையில ஒட்டிக்கிட்டா இருக்கு, அத்தை? இதுவும் அப்படித்தான்."

"உனக்குத் தெரிஞ்சா சரிம்மா. கொடி ஒண்ணு சும்மாத்தானே கிடக்கு."

நிறுவனம் அச்சடித்துத் தந்த பதிவேட்டில் நான்கு கட்டங்கள்: தேதி, பெயர், நிமிடம், டோஸ். அக்கா ஸ்கேல் வைத்து ஐந்தாவதாக ஒரு கட்டம் போட்டிருந்தார்: எந்த அடுக்கு. கருவிக்குள் இரண்டு அடுக்குகள். கதிர் மேலேயிருந்து வருகிறது. கீழ் அடுக்குக்குத் தூரம் இரண்டு மடங்கு, அதனால் டோஸ், அதாவது விழும் கதிரின் அளவு, நாலில் ஒரு பங்குதான். இந்த விதியை எழுதி நான் தேர்வில் முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்.

என் வழிகாட்டியான பேராசிரியர் ஒரு மருந்து கண்டுபிடித்திருந்தார். அதைச் சேர்த்தால் செல்கள் கதிருக்குச் சாகாது. முதல் நாளே என்னிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "என் மருந்து போட்ட பிளேட்டு மத்த பிளேட்டோட உரசக் கூடாது. தனி அடுக்குல வை." மருந்து போடாதவை மேலே போயின. மருந்து போட்டவை கீழே.

"சார், கீழ கம்மியாத்தான் விழும்" என்றார் அக்கா.

"நீங்க பட்டனைப் பாருங்கம்மா."

அக்கா பட்டனைப் பார்த்தார். ஐந்தாவது கட்டத்தில் அடுக்கையும் எழுதினார். நான் பிளேட்டுகளை வைத்தேன். விதி அப்போது நினைவுக்கு வரவில்லையா, வந்தும் நான் உள்ளே விடவில்லையா என்று இன்றுவரை எனக்கே தெளிவில்லை. மேலே இருந்தவை செத்தன, கீழே இருந்தவை பிழைத்தன. இரண்டு வருடம் மருந்துக்குக் கைதட்டல்.

கட்டுரையை வெளியிடவிருந்த இதழிலிருந்து ஒரே ஒரு கேள்வி வந்தது. எல்லா பிளேட்டுகளும் ஒரே தூரத்தில் இருந்தனவா? பதிவேட்டின் நகலை அனுப்பவும்.

பேராசிரியர் அக்காவைக் கூப்பிட்டார். நானும் ஓரமாக நின்றேன். மேசையில் அக்காவின் பணி நிரந்தரக் கோப்பு இருந்தது. ஏழு மாதமாகப் பேராசிரியரின் கையெழுத்துக்காக அங்கேயே குடியிருந்தது.

"நோட்டு ரொம்ப பழசாயிடுச்சாமே?"

"நல்லாத்தான் இருக்கு சார். அட்டை போட்டிருக்கேன்."

"புதுசுல எடுத்து எழுதிடுங்க. அச்சடிச்ச நாலு கட்டம் போதும்." சொல்லிக்கொண்டே கோப்பைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

அக்கா கோப்பைப் பார்த்தார். "எழுதிடலாம் சார். அதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை ரெண்டையும் மேலயே வெச்சுப் பாத்துடலாமா? உங்க மருந்து எங்க இருந்தாலும் வேலை செய்யுமில்ல?"

கூரை பறக்கப் போகிறது என்று நினைத்தேன். பேராசிரியரோ சிரித்தார். "தாராளமா!"

அவரைப் பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவர் ஏமாற்றுக்காரர் இல்லை. தன் மருந்தை மனதார நம்பினார். ஏமாற்றுக்காரராக இருந்திருந்தால் இன்னும் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருந்திருப்பார்.

இரண்டையும் மேல் அடுக்கிலேயே வைத்து, ஒரு வாரம் கழித்து எண்ணினோம். மருந்து போட்டவை, போடாதவை என்ற பாகுபாடே இல்லாமல் செல்கள் செத்திருந்தன. பேராசிரியர் நுண்ணோக்கியில் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். நுண்ணோக்கியையும் துடைத்தார். பிறகு தீர்ப்புச் சொன்னார்: "மெஷின் கெட்டுப்போச்சு."

மூன்று பேர் கொண்ட குழு அமைந்தது. குழு கருவியை வராந்தாவில் நின்றபடியே ஆராய்ந்தது. "இங்க நிக்கலாமா?" என்று ஓர் உறுப்பினர் இரண்டு முறை கேட்டார். கருவியின் நடத்தை திருப்திகரமாக இல்லை, யாரும் இயக்காதபடி முத்திரையிடலாம் என்று அறிக்கை எழுதினார்கள். பிளேட்டுகளை வைத்தவன் என்ற முறையில் நானும் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. போட்டேன். எங்கள் வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனவன் நான். எந்தத் தாள் வந்தாலும் கையெழுத்துப் போட என்னைத்தான் கூப்பிடுவார்கள். படிப்பு என்பதே அதற்குத்தான் என்று அப்பா நினைத்திருந்தார். அன்றைக்கு அவர் நினைத்தது சரியாகத்தான் இருந்தது.

பிறகு நிறுவனத்தின் விதிப் புத்தகம் புகுந்தது. ஓடும் கருவியைத் தற்காலிகப் பணியாளர் பார்த்துக்கொள்ளலாம். முத்திரையிட்ட கருவிக்கோ நிரந்தரப் பணியாளர்தான் பொறுப்பேற்க வேண்டும். பேராசிரியரே அவசர அவசரமாகக் கோப்பில் கையெழுத்திட்டார். உழைத்தபோது கிடைக்காத வேலை, ஒன்றும் செய்யாமல் உட்கார அக்காவுக்குக் கிடைத்தது. ஆறு மாதம் சோதனைக் காலம்.

மூன்றாம் நாள் மருத்துவமனையிலிருந்து போன். ரத்தப் பைகள் இப்போது வேறு ஊருக்குப் போய்வருகின்றன. ஒரு குழந்தைக்கு ஏற்ற வேண்டியது பாதி நாள் தாமதமானதாம். போனை வைத்துவிட்டு அக்கா என்னைப் பார்த்தார்.

"தம்பி, உனக்கு டைப்பிங் வருமில்ல?"

தற்காலிகப் பணியாளர் தரும் கடிதத்தை எங்கள் தபால் பிரிவு வாங்காது. இப்போது வாங்கும். அக்கா சொல்லச் சொல்ல, இயக்குநருக்குத் தட்டினேன். கருவியில் குறையில்லை, முத்திரையை எடுக்கவும். அந்த ஆய்வில் மருந்து போட்ட பிளேட்டுகள் கீழ் அடுக்கில் இருந்தன. பதிவேட்டின் நகல் இணைப்பு.

"யாரு வெச்சாங்கன்னு கேப்பாங்களே?"

"கேப்பாங்க அக்கா."

"உன் பட்டம் என்னாகும்?"

"ரெண்டு வருஷம் தள்ளிப்போகும். சார் மனசு வெச்சா மூணு."

அக்கா சிரிக்கவில்லை. "நான் நகல் எடுத்துட்டு வரேன்" என்று வெளியே போனார். நகல் எடுக்க அவ்வளவு நேரம் ஆகாது. 'பேராசிரியர் சொன்னபடி நான் வைத்தேன்' என்று தட்டினேன். முதல் இரண்டு சொற்களை அழித்தேன். அவையும் உண்மைதானே என்று திரும்பப் போட்டேன். அந்த வரிக்குக் கீழே என் பெயர்.

தபால் பிரிவு குமாஸ்தா கடிதத்தை முழுக்கப் படித்துவிட்டுத் தலையை நிமிர்த்தினார். "என்னம்மா இது, சோதனைக் காலத்துல இருக்கீங்க. நல்லா யோசிச்சீங்களா?"

"யோசிக்கத்தான் பதினோரு வருஷம் குடுத்தாங்களே, சார்."

அவர் முத்திரையை மையில் தோய்த்துவிட்டு, கடிதத்தில் வைப்பதற்கு முன் என்னையும் ஒருமுறை பார்த்தார். நான் கடிதத்தின் ஓரத்தை நகராமல் பிடித்துக்கொண்டேன்.