சாக்கில் கிடந்த ஐந்தாவது கோடாலி

முஹம்மது ஆரிப்பை நண்பனாக வைத்துக்கொள்ள நிறையப் பொறுமை வேண்டும். சாரம் பகுதியில் அவன் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறான். அதை ஒட்டினாற்போல, கண்ணாடி வெட்டிச் சட்டம் போடும் கடை என்னுடையது. எரிந்துபோன மோட்டார் எதனால் எரிந்தது என்று கண்டுபிடிக்காமல் புதுக் கம்பி சுற்றவே மாட்டான். கொண்டுவந்த ஆள் வாசலில் நின்று, "வூட்டுல தண்ணி இல்லப்பா, சீக்கிரம் சுத்திக் குடு" என்று கத்துவார். இவன், "காரணம் தெரியாம சுத்துனா மறுபடி எரியும்ணே" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொள்வான். அந்த ஆள் என் கடைக்கு வந்து புலம்புவார். நான் டீ வாங்கிக் கொடுத்துச் சமாளிப்பேன். இப்படிப்பட்ட ஆரிப்பிடம் ஒரு கோடாலியும் மாட்டியது பாருங்கள், அதைத்தான் சொல்ல வருகிறேன்.

அவனுடைய அத்தா ஜெய்னுலாபுதீன் இந்த வருஷம் நோன்புக்கு முந்தி இறந்துபோனார். எங்களில் ஒரு வழக்கம் உண்டு. அடக்கம் செய்ய ஜனாஸாவைத் தூக்குவதற்கு முன் மகன் கூட்டத்தைப் பார்த்து, அத்தா யாருக்காவது தீங்கு செய்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்க வேண்டும். எல்லோரும் "பொறுத்துக்கிட்டோம்" என்பார்கள். எத்தனையோ மையத்து அடக்கத்துக்குப் போயிருக்கிறேன், இதற்கு மாறாக ஒரு பதிலை நான் கேட்டதில்லை. ஆரிப் கேட்டான். கூட்டமும் சொன்னது. தெருமுனையிலிருந்து மட்டும் ஒரு குரல், "நான் பொறுக்கல" என்றது.

திரும்பிப் பார்த்தால் கண்ணையன், கக்கத்தில் ஊன்றுகோலோடு ஒற்றைக் காலில் நிற்கிறார். "அந்தக் கோடாலி யாருதுன்னு சொல்லாமலே உங்கத்தா போறாரு தம்பி. அது தெரியற வரைக்கும் நான் பொறுக்க மாட்டேன்" என்றார். பள்ளிவாசல் ஹஜ்ரத் போய் அவர் கையைப் பிடித்துப் பேசிப் பார்த்தார். மனிதர் மசியவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் நாலு வார்த்தை கேட்டிருப்பேன், ஆரிப்தான் என் சட்டையைப் பிடித்து இழுத்தான். அப்படியே கொண்டுபோய் அடக்கினோம்.

கண்ணையன் ஒன்றும் வம்புக்கு வந்தவர் அல்ல. அவரும் ஜெய்னுலாபுதீனும் இங்கே ஒரு விறகுத் தொட்டியில் சேர்ந்து விறகு பிளந்தவர்கள். கல்யாண பிரியாணிக்கு அடுப்பு விறகென்றால் ஊரில் இந்த இரண்டு பேரைத்தான் தேடுவார்கள். மீலாதுக்கு அவர் வருவார், பொங்கலுக்கு இவர் போவார். பதினாலு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் ஜெய்னுலாபுதீன் ஓங்கிய கோடாலி காம்பிலிருந்து கழன்று பறந்தது. எதிரில் விறகு அடுக்கிக்கொண்டிருந்த கண்ணையனின் முழங்காலில் விழுந்தது. காலை எடுக்கும்படி ஆகிவிட்டது.

அன்று ஜெய்னுலாபுதீனின் கோடாலி சாணை பிடிக்கப் பட்டறைக்குப் போயிருந்தது. கண்ணையனின் கோடாலி ஒன்றைக் காலையில் கேட்டு வாங்கியிருந்தார். "கழண்டது அவன் கோடாலிதான்" என்று அவர் சாதித்தார். கண்ணையனோ, "நான் அடிச்ச ஆப்பு ஒருநாளும் கழலாது. அவரு வேற ஏதோ தன்னோட பழசை எடுத்து ஓங்கியிருக்காரு. என்னுதுன்னா கொண்டாந்து காட்டட்டும்" என்றார். ஜெய்னுலாபுதீன் காட்டவில்லை. "என் வார்த்தைய நம்பாதவனுக்கு இரும்பைக் காட்டி என்ன ஆவப்போவுது" என்று சொல்லிவிட்டார். அதோடு பேச்சு நின்றது. கண்ணையன் பெரிய மார்க்கெட்டில் எலுமிச்சம்பழம் விற்க உட்கார்ந்தார். ஜெய்னுலாபுதீன் மீன் வாங்கப் போகிறபோது அந்த வரிசையை விட்டுவிட்டுப் பூக்கடைப் பக்கமாகச் சுற்றிப் போவார். நானே பார்த்திருக்கிறேன்.

அடக்கம் முடிந்த மறுநாளிலிருந்து ஆரிப்புக்குச் சோறு இறங்கவில்லை. "ஆண்டவனுக்குச் செஞ்ச குத்தத்த ஆண்டவன் மன்னிப்பான் ஹாதி. மனுசனுக்குச் செஞ்சத அந்த மனுசன்தான மன்னிக்கணும். அத்தா அங்க மாட்டிக்கிட்டு நிப்பாரே" என்று என்னிடம் சொன்னான். ஹஜ்ரத்தும் அதைத்தான் சொல்லியிருந்தார்.

ஒருநாள் வீட்டுப் பரணிலிருந்து ஒரு சாக்கைக் கடைக்குத் தூக்கிவந்து கொட்டினான். ஐந்து கோடாலிகள். எல்லாம் துருவேறி, செம்மண்ணில் புதைத்து எடுத்ததுபோல இருந்தன. "இதுல ஒன்னுதான் அது. எதுன்னு கண்டுபுடிச்சு அவருகிட்ட காட்டிடறேன்" என்றான்.

தொட்டியில் எல்லோர் கோடாலியும் ஒன்றுபோல இருக்குமென்பதால், ஆளுக்கொரு அடையாளத்தைப் பட்டறையில் குத்தி வைத்துக்கொள்வார்கள். ஜெய்னுலாபுதீனுக்கு மூன்று புள்ளி. கண்ணையனுக்கு ஒரு கோடும் அதன் தலையில் ஒரு புள்ளியும். சின்ன வயதில் ஆரிப் அத்தாவுக்குச் சோறு கொண்டுபோகும்போது நானும் கூடப் போவேன், அதனால் எனக்கே அது தெரியும். துருவை எடுத்தால் அடையாளம் வந்துவிடும். மெஷினில் தேய்த்தால் நொடியில் முடியும் வேலை. சூடேறினால் இரும்பின் உரம் போய்விடும் என்று இவன் அதைத் தொடவே இல்லை. டீசலில் ஊறப்போட்டு, கம்பி பிரஷ்ஷால் கையாலேயே தேய்த்தான். வந்த மோட்டார்கள் வாசலில் வரிசை கட்டி நின்றன. வசவு முழுக்க எனக்கு.

முதலில் வந்தது புளியங்கட்டை பிளக்கும் அகலக் கோடாலி, மூன்று புள்ளி. அடுத்தது கைக்கோடாலி, அதுவும் மூன்று புள்ளி. மூன்றாவதில் மூன்று புள்ளியோடு பிரெஞ்சு எழுத்தும் குத்தியிருந்தது. அதைப் பார்த்த காப்பிக்கடை முதலாளி ஒருவர், சுவரில் மாட்டக் கொடு என்று நச்சரித்தார். ஆரிப் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. நான்காவதும் அத்தாவுடையதுதான். உளுத்துப்போன காம்புகளைத் தட்டிக் கழற்றியபோது நான்கின் கண்ணிலிருந்தும், அதாவது காம்பு நுழையும் ஓட்டையிலிருந்தும், லுங்கித் துணிப் பட்டைகள் உருவிக்கொண்டு வந்தன. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. மற்றவர்கள் காம்பு ஆடாமல் இருக்கப் புளியஞ்சிராயில் ஆப்பு செதுக்கி அடிப்பார்கள். ஜெய்னுலாபுதீனுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. பழைய லுங்கியைக் கிழித்துச் சுற்றி, காம்பை இறுக்கிவிட்டு வேலையைப் பார்ப்பார். "பாய் தன் கோடாலிக்கும் லுங்கி கட்டி வுடுவாரு" என்று தொட்டியில் கேலி பேசுவார்கள். அத்தா போன பிறகு ஆரிப் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஐந்தாவதில் காம்பே இல்லை. கண் முழுக்க மண்ணும் துருவும் கல்போல அடைத்துக் கிடந்தது. பக்கவாட்டில் தேய்க்கத் தேய்க்க முதலில் ஒரு கோடு தெரிந்தது. பிறகு அதன் தலையில் ஒரு புள்ளி.

"கண்ணையன் மாமாவோடது. அத்தா பொய் சொல்லல ஹாதி" என்றான். கடையைக்கூடச் சாத்தாமல் கோடாலியோடு வண்டியில் ஏறினான். பின்னால் நானும் தொற்றிக்கொண்டேன்.

மார்க்கெட்டில் கூட்டம் நெரிந்தது. நாலு பேர் பார்க்கும்படி, கண்ணையனின் எலுமிச்சம்பழக் கூடைக்குப் பக்கத்தில் கோடாலியை வைத்தான். "பாருங்க மாமா. யாரு அடையாளம்னு நீங்களே சொல்லுங்க." கண்ணையன் எடுத்து, கட்டைவிரலால் அந்தக் கோட்டைத் தடவினார். மறுபடி தடவினார். "என்னுதுதான்" என்றார். கோடாலியைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப என் ஆப்புதான் கழண்டிருக்கு" என்றார். பக்கத்துக் கூடைக்காரி, "வீணா அந்த பாய திட்டுனியேய்யா" என்றாள். அவர் முகம் போன போக்கைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை அவர் ஆட்டோ பிடித்து, அத்தாவை அடக்கிய கபுருஸ்தானுக்கு வந்தார். தொழுகை முடிந்து வந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். கபுருக்கு முன்னால் ஊன்றுகோலில் சாய்ந்து நின்று, "உன்ன சந்தேகப்பட்டுட்டேன் பாய். நீ பொறுத்துக்கணும்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். திரும்பும்போது ஆரிப்பின் தோளைப் பிடித்து, "அந்தக் கோடாலிக்கு ஒரு காம்பு போட்டுக் குடு தம்பி. வூட்டுல வெச்சிக்கறேன்" என்றார். எல்லாம் நல்லபடியாக முடிந்ததென்று நான் பிரியாணியே வாங்கிவிட்டேன்.

காம்பு போட வேண்டுமானால் கண்ணைச் சுத்தம் செய்ய வேண்டும். ஆரிப் அதை டீசலில் ஊறப்போட்டு, திருப்புளியால் நோண்டினான். மண் உதிர்ந்தது. அதற்குப் பின்னால் கெட்டித்துப்போன ஏதோ ஒன்று சுருளாக வந்தது. தண்ணீரில் அலசி விரித்தான். பச்சைக் கட்டம் போட்ட லுங்கித் துணி.

நடந்தது என்னவென்று எங்கள் இரண்டு பேருக்கும் புரிந்துவிட்டது. கண்ணையன் குட்டை. ஜெய்னுலாபுதீன் நெடுநெடுவென்று வளர்ந்தவர், குட்டைக் காம்பு அவருக்கு ஆகாது, இடுப்பு பிடித்துக்கொள்ளும். கண்ணையன் அடித்த ஆப்பைத் தட்டி எடுத்துவிட்டுத் தன் நீளக் காம்பை மாட்டியிருக்கிறார். வழக்கம்போல லுங்கியைச் சுற்றியிருக்கிறார். வெயிலில் காம்பு காய்ந்து, துணி தளர்ந்து, கழன்றுவிட்டது. இரும்புதான் கண்ணையனுடையது. கை ஜெய்னுலாபுதீனுடையது. காட்டு என்று சொன்னபோது அவர் ஏன் காட்டவில்லை என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

"வேலியில போற ஓணானை எடுத்து மடியில வுட்டுக்காத. தூக்கிப் போடு" என்றேன். அவன் துணியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

அவன் அம்மா கனீஸ் பாத்திமா அப்போது இத்தாவில் இருந்தார். புருஷனை இழந்தவர் நாலு மாதம் பத்து நாள் வீட்டை விட்டு வெளியே வராமல், அயல் ஆண்கள் கண்ணில் படாமல் இருக்கும் காலம். நான் கூடத்துத் திரைக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டேன். ஆரிப் உள்ளே போய் நடந்ததைச் சொல்வது கேட்டது. நான் அழுகையை எதிர்பார்த்தேன். வந்தது ஒரே ஒரு வார்த்தை.

"எரிச்சுடு."

"அம்மா, அந்த மனுசன் தான் செய்யாததுக்கு மன்னிப்பு கேட்டுட்டுப் போயிருக்காரு."

"கேட்டாருல்ல? முடிஞ்சிச்சுல்ல? செத்தவர நிம்மதியா வுடு."

"பொய்ய வெச்சு வாங்குன மன்னிப்பு அத்தாவுக்கு எப்படிம்மா போய்ச் சேரும்?"

காரணம் தெரியாமல் கம்பி சுற்றாதவன் கடைசியில் பெற்ற தகப்பனையும் பிரித்துப் போட்டுவிட்டானே என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஆனாலும் அவனைத் தனியாக அனுப்ப மனம் வரவில்லை. கண்ணையன் இருக்கும் மூலக்குளத்துக்கு நானும் போனேன்.

கண்ணையன் வீட்டில் அவர் மனைவி சின்னப்பாப்பா எங்களுக்கு மோர் கொடுத்தார். ஆரிப் அதைத் தொடாமல், கோடாலியையும் துணியையும் தரையில் வைத்து, ஒன்றையும் மறைக்காமல் சொன்னான். கண்ணையன் துணியைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"உங்கம்மாகிட்ட சொன்னியா?"

"சொன்னேன். எரிச்சிடச் சொன்னாங்க."

"அப்புறம் எதுக்குடா கொண்டாந்த?" என்றார். "பதினாலு வருசம் அவன்மேல கோவத்துல இருந்தேன். போன வாரம் மார்க்கெட்டே என்னப் பார்த்துச் சிரிச்சிச்சு. என் ஆப்பு கழண்டுபோச்சேன்னு ராத்திரியெல்லாம் எம்மேலயே எனக்கு வெறுப்பு. ஊரு பாக்க அவன் கபுருல நின்னு மன்னிப்பு கேட்டேன். அதத் திருப்பிக் குடு. யாருகிட்ட போயி வாங்கிக் குடுப்ப, சொல்லு."

ஆரிப் அவருக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து அழுதான். முப்பது வயது ஆள். சின்னப்பாப்பாதான், "புள்ள இன்னாய்யா பண்ணுவான்" என்று குறுக்கே வந்தார்.

கண்ணையன் ஊன்றுகோலை எடுத்தார். "வண்டிய எடு" என்றார்.

கபுருஸ்தானில் அன்று ஆள் இல்லை. கண்ணையன் போன வாரம் நின்ற அதே இடத்தில் நின்றார். "யோவ் பாய்" என்று ஆரம்பித்தார். "காலு போனதுக்கு நான் உன்ன ஒன்னும் சொல்லல. வேலையில அடிபடறதுதான். நீ ஆஸ்பத்திரிக்கு வந்து, நாந்தான்டா காம்ப மாத்துனேன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா அன்னிக்கே பொறுத்திருப்பேன். என்னப் பார்த்துப் பார்த்து சுத்திப் போனியே. இப்ப உம் மவன் வந்து கேக்கறான். அவனுக்காவ பொறுத்துக்கறேன். எனக்காவ இன்னும் மனசு வரல."

அவரை வீட்டில் விட்டுவிட்டு நாங்கள் ஆரிப் வீட்டுக்கு வந்தோம். திரைக்குப் பின்னால் அம்மா காத்திருந்தார்போல. நாங்கள் செருப்பைக் கழற்றுமுன்பே, "பொறுத்துக்கிட்டாரா?" என்று கேட்டார்.

"பாதி" என்றான் ஆரிப். கபுருக்கு முன்னால் அவர் சொன்னதை அப்படியே சொன்னான்.

பிறகு அந்த அம்மா, "அவருக்குப் போன் போட்டுக் குடு" என்றார்.

"நீங்க இத்தாவுல இருக்கீங்கம்மா."

"வாசல்தான் தாண்டக்கூடாது. வாயத் தொறக்கக்கூடாதுன்னு இல்ல. உங்கத்தா அன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போயி எல்லாத்தையும் சொல்லிடறேன்னு சட்டய மாட்டுனாரு. ஊரு உங்கள சும்மா வுடாது, புள்ளைங்களுக்குச் சோறு போட ஆளில்லன்னு கதவைச் சாத்துனவ நான். போடுடா."

ஆரிப் எண்ணை அழுத்தி, திரைக்குள் கையை நீட்டினான். மணி அடிப்பது எனக்கும் கேட்டது. அந்தப் பக்கம் யாரோ எடுத்தார்கள்.

"அண்ணே," என்றார் கனீஸ் பாத்திமா. "நான் ஜெய்னுலாபுதீன் வூட்டுக்காரி பேசறேன். வெச்சிடாதீங்க."