எட்டாம் கூண்டு முட்டைகள்

எங்கள் வீட்டில் காகிதம் படிப்பது என் வேலை. நான்காம் வகுப்பிலிருந்தே, ரேஷன் அட்டையோ கரண்ட் அட்டையோ கல்யாணப் பத்திரிகையோ, எது வந்தாலும் அப்பா என் முன்னால்தான் நீட்டுவார். வீட்டில் எழுத்து தெரிந்த முதல் ஆள் நான். மேனாம்பேட்டில் எங்கள் தெருவில் கல்லூரிக்குப் போன முதல் பெண்ணும் நான்தான். அதை நானும் மறந்ததில்லை, மற்றவர்களையும் மறக்க விட்டதில்லை.

அப்பா பாரிவாக்கம் பக்கம் ஒரு தனியார் பறவைப் பண்ணையில் கூண்டு பார்த்துக்கொண்டிருந்தார். வேட்டையால் அருகிவந்த சாம்பல் காட்டுக்கோழிகளை அங்கே வளர்த்தார்கள். அவை பெருகியதும் மலையில் கொண்டுபோய் விடுவதாகத் திட்டம். தீனி, தண்ணீர், கூண்டு கழுவுவது எல்லாம் அப்பா. எந்தச் சேவலை எந்தப் பெட்டையோடு விடுவது என்பதை டைரக்டர் முடிவு செய்வார். குஞ்சுகளின் தாய் தகப்பன் எழுதிய பதிவேடு ஒன்று இருந்தது. ஒரே இரத்தத்துக்குள் ஜோடி சேர்த்தால் குஞ்சு முட்டைக்குள்ளேயே சாகக்கூடும் என்பதால் அதைப் பார்த்துத்தான் ஜோடி சேர்ப்பார். இருந்தும் ஒரு ஜோடியின் முட்டைகள் இரண்டு வருடமாகப் பொரியவில்லை. வெயில் என்றார்கள், தீனி என்றார்கள்.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. எம்.எஸ்ஸி. கடைசி வருட ஆய்வுக்கு நான் அந்தக் கோழிகளை எடுத்துக்கொண்டேன். அனுமதி வாங்கித் தந்தவர் அப்பா. டைரக்டர் அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று, "எம் பொண்ணு சார். ரத்தத்த பாத்தே எது யாருக்கு பொறந்துச்சுன்னு சொல்லிடும் சார்" என்றார். பக்கத்தில் நின்ற எனக்கு அவருடைய அந்தக் குனிவு பிடிக்கவில்லை.

நான் இரத்தம் எடுக்க ஊசி குத்தும்போது அப்பா கோழியின் இறக்கையை விரித்துப் பிடித்துக்கொள்வார். "த்தோ, அவ்ளோதான் கண்ணு, எறும்பு கட்ச்ச மாரி" என்று கோழிக்குச் சொல்வார்.

இரத்தத்திலிருந்து எடுத்த மரபணு எங்கள் ஆய்வுக்கூடத்தில் எக்ஸ்ரே பிலிமில் கறுப்புக் கோடுகளாக விழும். குஞ்சிடம் இருக்கும் ஒவ்வொரு கோடும் தாயிடமோ தகப்பனிடமோ இருந்தாக வேண்டும். மூன்றாம் கூண்டுப் பெட்டையின் குஞ்சுகள் என்று பதிவேட்டில் இருந்த நான்கின் கோடுகள் அவளோடு பொருந்தவில்லை. எட்டாம் கூண்டு ஜோடியோடு அச்சாகப் பொருந்தின. அந்த நான்கில் ஒருத்தியைத்தான் எட்டாம் கூண்டின் மூத்த மகனோடு விட்டிருந்தார்கள். கூடப்பிறந்தவனோடு கூடப்பிறந்தவள். பொரியாத முட்டைகள் அவர்களுடையவை.

பிலிமை வெளிச்சத்தில் பிடித்தபடி நான் சிரித்தேன். ஒரு பண்ணையே இரண்டு வருடம் தேடியதை நான் கண்டுபிடித்துவிட்டேன்.

"பதிவேட்டுல எப்படிம்மா தப்பு வந்திருக்கும்?" என்று டைரக்டர் கேட்டார். அது, அப்பா சொல்லச் சொல்லக் கிளார்க் எழுதியது. அப்பா இருபதடி தள்ளி வாளியோடு நின்றார். நான் போய்க் கேட்கவில்லை. அறிக்கையில் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் எழுதினேன்: பராமரிப்பாளரின் கல்வியின்மையால் தகவல்கள் பிழையாகத் தரப்பட்டுள்ளன. இலக்கணம் சரியா என்று இரண்டு முறை பார்த்தேன். வேறு எதையும் பார்க்கவில்லை.

ஒரு மாதம் கழித்து அப்பா ஒரு கடிதத்தோடு வந்தார். "இன்னா போட்டுகீறாங்க, படி."

கூண்டு வேலையிலிருந்து அவரை எடுத்து வாசலில் பெருக்கும் வேலைக்கு மாற்றியிருந்தார்கள். காரணமாக என் வாக்கியம் தமிழில் முழுதாக இருந்தது, அறிக்கை எழுதியவர் பெயரோடு. அந்தப் பத்தியை விட்டுவிட்டு மற்றதைப் படித்தேன்.

"அவ்ளோதானா? காயிதம் நீட்டமா கீதே."

"அவ்வளவுதான்பா. குஞ்சு கணக்குல ஏதோ தப்பாம். மூணாம் கூண்டு குஞ்சுங்க எட்டாம் கூண்டோடதாம்."

"அதுவா?" அப்பாவுக்கு ஆச்சரியமே இல்லை. "எட்டாம் கூண்டுக்காரி மொத வாட்டி நல்லாத்தான் பொரிச்சா. அப்பால அவ முட்டைய அவளே கொத்த ஆரம்பிச்சிட்டா. பாத்துகினு நிக்க சொல்றியா? நாந்தான் எடுத்து மூணாம் கூண்டுல அடை வெச்சேன். கிளார்க்கு யார் குஞ்சுன்னு கேட்டாரு. அடை காத்தவ குஞ்சுன்னேன். நம்ம ஊட்லயும் அப்டித்தானே வெப்போம்?"

ஆமாம், எங்கள் வீட்டிலும் அப்படித்தான். எந்தக் கோழி அடைக்கு உட்கார்ந்தாலும் மற்றதன் முட்டைகளையும் சேர்த்து வைப்போம். குஞ்சுகளோடு எது திரிகிறதோ அதுதான் தாய். அந்தப் பதிவேடு எதற்கு என்று அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

"வேற எதையெல்லாம் மாத்தி வெச்சீங்க, ஞாபகம் இருக்கா?"

"ஏன் இல்லாம? ஒன்னொன்னும் சொல்வேன். என்னாண்ட கேட்டாத்தானே?"

தாய் தகப்பன் செத்துப்போனதால் பிலிமை வைத்து முடிவு சொல்ல முடியாத ஐந்து கோழிகள் மிச்சம் இருந்தன. அவற்றின் வம்சம் முழுவதும் அப்பாவின் தலைக்குள் இருந்தது. நாளைக்கு நோட்டோடு உட்காருகிறேன் என்றேன்.

மறுநாள் சாயங்காலம் நோட்டைப் பிரித்து வைத்திருந்தேன். அப்பா சைக்கிளை நிறுத்திவிட்டு வந்து கால் கழுவினார். காலையிலேயே கிளார்க்கிடம் அந்தக் காகிதத்தைக் காட்டியிருக்கிறார். கிளார்க் ஒரு வரி விடாமல் படித்திருக்கிறார்.

"சொல்லுங்கப்பா. அந்த அஞ்சு கோழி."

"படிக்காதவன் பேச்ச எழுதிகினு நீ இன்னா பண்ணப் போற?" என்றார். குரல் உயரவே இல்லை. "நேத்து அந்த எடத்த ஏன் படிக்காம வுட்ட?"

நான் நோட்டை மூடினேன்.

"நா தப்பா சொல்லிட்டேன்னு எழுதின, சரி. அத எனக்கு படிச்சாவது காட்டிருக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் பின்கட்டுக்குப் போனார்.

அதன்பிறகு அம்மாவை விட்டுக் கேட்டுப் பார்த்தேன். நானே அழுதும் கேட்டேன். "மறந்துட்சு" என்பார். மறந்திருக்காது.

வம்சம் தெரியாததால் அந்த ஐந்து கோழிகளையும் ஜோடி சேர்க்காமல் தனித்தனிக் கூண்டில் அடைத்தார்கள். அவை அங்கேயே கிழடாயின. எனக்கு ஆய்வில் முதல் மதிப்பெண் கிடைத்தது.

அடுத்த வருடம் எல்.ஐ.சி.யிலிருந்து அப்பாவுக்கு ஒரு கடிதம் வந்தது. நான் கூடத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அப்பா அதைச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு, என்னைத் தாண்டி, தெருமுனை மருந்துக்கடைக்காரரிடம் படிக்கச் சொல்லப் போனார்.