கொழும்புக்குப் போன சாம்பிள்

போன வாரம் மகனுடைய ஸ்கூட்டரை ஒர்க்‌ஷாப்பில் விடப் போயிருந்தேன். உள்ளேயிருந்து பழைய கியர் ஆயில் வாடை வந்தது. மெக்கானிக் யாரிடமோ, "பழசைக் கொண்டாங்க, சாம்பிள் இல்லாம எப்படி வாங்குறது?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு நடந்துவிட்டேன்.

அந்தக் காலத்தில் எனக்குத் தூத்துக்குடியில் ஒரு ஏஜென்சி ஆபீசில் வேலை. கொழும்புக்குப் போகிற தோணிகளுக்குச் சரக்குக் காகிதம் எழுதுவேன். தகுதிக்கு மீறிய ஆசையில் ஒரு இத்தாலி ஸ்கூட்டரைப் பழசாக வாங்கியிருந்தேன். உள்ளூர் வண்டிக்காரர்களை நான் பார்த்த பார்வையை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அந்தப் பெருமைக்கு ஆயுள் ஆறு மாதம். ஆறுமுகநேரியிலிருந்து வரும்போது, ஆற்றுப் பாலத்து ஏற்றத்தில் ரெண்டாம் கியர் தானாக நழுவிவிடும். என்ஜின் அலறும், வண்டி நகராது, பின்னால் உப்பு லாரி வந்துகொண்டிருக்கும்.

மெக்கானிக் பால்பாண்டி அண்ணாச்சி முதலில் கியர் கேபிளை இறுக்கினார், பிறகு மாற்றினார். நழுவல் நிற்கவில்லை. என்ஜினைப் பிரித்து, உள்ளங்கைக்குள் அடங்குகிற நாலு கை இரும்பு ஒன்றை எடுத்துக் காட்டினார். கியர் கிராஸ். பல்சக்கரங்களைப் பிடித்து நிறுத்துவது அதுதான். நாலு முனையும் சப்பிய மிட்டாய் மாதிரி மழுங்கியிருந்தன.

கடையில் புது மாடல் கிராஸ்தான் கிடைத்தது. வாங்கிக்கொண்டு போனேன். பால்பாண்டி அண்ணாச்சி அதைப் பழசோடு சேர்த்துப் பிடித்துப் பார்த்தார்.

"உள்ள போகும். ஆனா கனம் ஜாஸ்தி. ஓடிக்கிட்டிருக்கையில ரெண்டு கியரையும் ஒண்ணாப் பிடிச்சுதுன்னா வண்டி நின்னுரும், நீங்க நிக்க மாட்டீய."

கொழும்பில் அந்த வண்டிகள் நிறைய ஓடின. ஒரு தோணிக்குத் தண்டல், அதாவது தலைவர், சூசை. அவரிடம் கேட்டேன். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று எழும்புமுன் தோணிகளைக் கரையில் கட்டிப்போடுவார்கள். அது அந்த வருஷத்தின் கடைசி நடை. மழுங்கிய கிராஸைத் தாளில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"இதே கனம்தான் வேணும் அண்ணாச்சி. கொஞ்சம் மாறினாலும் ஆளை அடிச்சிரும்" என்றேன்.

"சேத்து வச்சுப் பாத்துத்தான் வாங்குவேன் தம்பி. பயப்படாதீய."

அவ்வளவு அழுத்திச் சொல்லியிருக்க வேண்டாம்.

கூடப் போன தோணிகளெல்லாம் ஒரே நாளில் கரை வந்து சேர்ந்தன. சூசையின் தோணி மட்டும் வரவில்லை. அன்று மத்தியானமே காற்று திசை மாறி, ஆபீஸ் ஜன்னல் கதவுகள் அடித்துக்கொண்டன. ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். பிரித்துப் போட்ட என்ஜினுக்குள் மணல் போகாமல் பால்பாண்டி அண்ணாச்சி சாக்கு போட்டு மூடிக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் செய்தி வந்தது. தோணி கவிழ்ந்துவிட்டது. ஆட்களை ஒரு கப்பல் ஏற்றிக்கொண்டது, தண்டலைத் தவிர. தப்பி வந்தவர்களில் ஒருவன் சொன்னான்: "மத்த தோணியோட கிளம்பிருக்கணும். ஏதோ சாமான் வாங்கணும், ஒரு நாள் இருந்து போவோம்னாரு. என்ன சாமான்னு சொல்லல."

எனக்குத் தெரிந்தது. சொல்லிவிடுவது என்று தீர்மானித்துத்தான் துக்கம் கேட்கப் போனேன். தண்டலின் மனைவி ரோசம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நாந்தான் தம்பி. வாசனை சோப்பு வாங்கிட்டு வாங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். அதுக்குத்தான் தங்கியிருக்காவ. என் வாயி அவியளத் தின்னுட்டு."

நான் வாய் திறக்கவில்லை. துக்கத்தோடு துக்கம் எதற்கு என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது பொய். பயந்துவிட்டேன்.

ஸ்கூட்டரைப் பிரித்தபடியே எடைக்குப் போட்டேன். ரோசம்மாவைக் கடைத்தெருவில் கண்டால் சந்து மாறிப் போவேன். பல வருஷம் கழித்து அவள் மகள் ஆபீசுக்கு வந்தபோது, "எங்கம்மா சோப்பே தொடுறதில்ல சார், பயத்தமாவுதான்" என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னாள்.

பாய் விரித்த தோணிகள் போய்விட்டன. கையில் கியர் மாற்றுகிற வண்டிகளும் அநேகமாகப் போய்விட்டன. ரோசம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டாள். அவர் தங்கியது சோப்புக்காக இல்லை என்று சொல்ல வேண்டிய ஆள் இப்போது இல்லை.