நாற்பத்திரண்டு அடியில் சூசை

டிவைஸ் டிரைவர் என்கிற புரோகிராம் எழுதுவது, மென்பொருளுக்கும் கருவிக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் ஏச்சு வாங்கும் வேலை. நான் பிளஸ் ஒன்னோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். தூத்துக்குடியில் படகுகளுக்கு எலக்ட்ரானிக்ஸ் பெட்டி செய்யும் ஒரு சின்னப் பட்டறையில் இருக்கிறேன். என்னைப்போல் இதில் மாட்டிக்கொண்டவர்கள், படித்துவிட்டு நீங்கள் எழுதிய புரோகிராமை ஒரு தடவை திறந்து பாருங்கள்.

ஒரு செகண்டு

எங்கள் பெட்டி சங்கு குளிக்கிறவர்களுக்கானது. ஆள் இடுப்பில் ஆழத்தை அனுப்பும் ஒரு டேக். படகில் இருக்கும் திரை அவர் பெயரையும் ஆழத்தையும் காட்டும். மேலே வந்துவிட்டால் சைபர். பழைய போர்டின் சிப்பில் ஒரே கோர், அதாவது ஒரே மூளை; புதியதில் இரண்டு. பழைய டிரைவரையே ஏற்றினேன். ஓடியது.

ஒரு டேக்கைப் பட்டறைக் கிணற்றில் இறக்கினேன், இன்னொன்றை மேசையில் வைத்தேன். காய்ந்த மேசையில் கிடந்தது ஒரு செகண்டு இருபது அடி என்று காட்டிவிட்டு, மறுபடி சைபருக்கு வந்தது. பட்டறை அண்ணாச்சி எட்டிப் பார்த்தார். "ஒரு செகண்டுதானேளா, அத யாரு பாக்கப் போறா?" நானும் அப்படியே விட்டுவிட்டேன்.

டீ

பெட்டி வந்தால், குளிக்கிறவரை மேலிருந்து பிடித்துக்கொள்ளும் இடுப்புக் கயிறு வேண்டாம் என்று படகுக்காரர் சொல்லிவிட்டார். சங்கு குளிக்கும் மிக்கேலின் மச்சினன் செல்வம் மட்டும் கேட்கவில்லை. மிக்கேல் இறங்கினால் கயிற்றைப் பிடிப்பது அவன்தான். அக்கா புருஷன் உயிரை வேறு ஆளிடம் கொடுக்க மாட்டானாம்.

முதல் நாள் நானும் போனேன். மிக்கேலோடு இறங்கிய சூசை முதலில் மேலே வந்து, ஈரத்தோடு என் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்தான். திரையில் சூசை, நாற்பத்திரண்டு அடி. பிறகு நாற்பத்தொன்று. மறுபடி நாற்பத்திரண்டு. கீழே யாரோ மெல்ல அசைகிற மாதிரி எண் அசைந்தது. கொஞ்ச நேரம் எல்லோரும் தண்ணீரையே பார்த்தோம். நான் பெட்டியை அணைத்துப் போட்டேன், சைபர் வந்தது. சிக்னல் கோளாறு என்று பொய் சொன்னேன். சூசை டம்ளரைக் கீழே வைத்தான். "கீழ கெடக்கது நான்னா, இந்த டீயக் குடிக்கது யாரு?"

ரெண்டு சைபர்

மூன்றாவது நாள். படகை ஓட்டுகிற தண்டல் வீல் ரூமில் இருந்தார். பின்பக்கம் அங்கிருந்து தெரியாது. "ரெண்டு பேரும் ஏறியாச்சா?" என்றார். அவர் பக்கத்தில் இருந்து திரையைப் பார்த்து வாசித்தது நான்தான்: "சூசை சைபர், மிக்கேல் சைபர்." அவர் கை ஸ்டார்ட்டருக்குப் போனது. மிக்கேல் படகுக்கு நேர் கீழே இருந்தார்.

பின்னாலிருந்து செல்வம், "எஞ்சினத் தொடாதீய" என்றான். கயிறு அவன் கையில் விறைத்து நின்றது. பெட்டி மேலே என்று காட்டுகிறதே என்றேன். அவன் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இவருக்கு ஏதும் ஆனா எங்க அக்கா முன்னால நான்தான் போய் நிக்கணும், ஒம் பொட்டியா போய் நிக்கும்?"

ஆறு வரி

தப்பு என்னுடையது. எந்த டேக் வேண்டும் என்று, டேக்குகளின் சிக்னலை வாங்கும் ரிசீவரிடம் முதலில் சொல்ல வேண்டும், அப்புறம்தான் ஆழத்தை வாசிக்க வேண்டும். ஒரு கோர் மிக்கேலைக் கேட்டுவிட்டு வாசிப்பதற்குள், இன்னொரு கோர் சூசையைக் கேட்டுவிடும். முதல் கோர் சூசையின் ஆழத்தை வாசித்து மிக்கேல் பெயரில் எழுதிவிடும். பழைய டிரைவர், வாசித்து முடிக்கும்வரை யாரும் குறுக்கே வராதபடி தன் கோரின் கதவை மட்டும் சாத்தியது. ஒரு கோருக்கு அது போதும். இரண்டுக்கும் பொதுவாக ஒரு பூட்டு வேண்டும்: அதை எடுத்த கோர் கேட்டு, வாசித்து, விடும்வரை மற்றது காத்திருக்க வேண்டும். மொத்தம் ஆறு வரி சேர்த்தேன்.

சரியாகிவிட்டது என்றேன். மிக்கேல் தன் டேக்கைக் கழற்றி என் இடுப்பில் கட்டினார். சூசை தன் டேக்கைப் படகிலேயே விட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொள்ள, காற்றுச் சிலிண்டரோடு பத்தடி இறங்கினேன். பச்சை இருட்டு. என் மூச்சு எனக்கே வேறு யாருடைய மூச்சோ மாதிரி கேட்டது. மேலே போகலாம் என்று சைகை காட்டினேன். சூசை தலையை ஆட்டி மறுத்தான். ரொம்ப நேரம் கழித்துத்தான் விட்டான். திரை முன்னால் உட்கார்ந்திருந்த மிக்கேல் சொன்னார்: "பேரும் சரி, அடியும் சரி. அன்னைக்கு எனக்கு எப்படி இருந்துச்சுன்னு தெரியட்டும்னுதான் ஒன்னைய இருக்க வச்சோம்."

டிரைவர் ஓடுகிறது என்று நாம் சொல்வதற்குப் பாதி நேரம், இன்னும் யாரும் சாகவில்லை என்பதுதான் அர்த்தம்.